சும்மா நிற்கும் மாதங்கள்

ஜூன் மாதத்தில் குளிரை நினைக்க முடிவதில்லை. எண்ணாகச் சொல்லலாம், மைனஸ் இருபது, காற்றையும் சேர்த்தால் மைனஸ் முப்பது. மூக்கின் உள்மயிர் உறைந்து ஒட்டிக்கொண்டதையும், கையுறைக்குள் விரல்நுனி முதலில் நொந்து பிறகு நோவே இல்லாமற் போனதையும் சொற்களாக ஞாபகம் வைத்திருக்கலாம். உடம்பு மட்டும் அதைத் திருப்பித் தர மறுக்கிறது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டில் இறைச்சி வாட்டும் புகை வருகிறது. ரொறொன்ரோவின் ஸ்காபரோக் கடைகளில் பாகிஸ்தான் மாம்பழம் பெட்டி பெட்டியாக இறங்கியிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் நிற்கிறது. இந்த நேரத்தில்தான் கராஜின் மூலையில் நிற்கும் ஸ்னோ புளோவரை, பனியை அள்ளி எறியும் மெசினை, பார்க்க வேண்டும். அதன் மேல் வெறும் மாம்பழப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறோம். அவற்றை இறக்கிவிட்டுக் கைப்பிடியைத் தொட்டால் இரும்பு இளஞ்சூடாக இருக்கிறது. பல காலமாக எனக்குள் கிடக்கும் ஒரு சங்கடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தேவை என்று உடம்பு நம்பாத மாதத்தில் ஒன்றைப் பேணுவது எப்படி? கைகள் வேலையைச் செய்துவிடும். எதற்காகச் செய்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. நவம்பரில் முதற்பனி கண்ணில் விழுந்த பிறகு என்றால் பயமே நம்மை எழுப்பிச் செய்விக்கும். அப்போது திருத்தும் கடைகளின் வாசலுக்கு வெளியே மெசின்கள் வரிசையாக நிற்கும், கடைக்காரருக்கு நிமிர்ந்து முகம் பார்க்கவும் நேரம் இருக்காது. ஜூனில் பயம் துணைக்கு வராது. அந்த வேலைக்கு வேறு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, அது என்ன என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இந்த மெசினைக் கெடுப்பது பனி அல்ல என்பதை மனம் ஏற்றுக்கொள்ளக் காலம் எடுத்தது. ஒரு பனிப்பொழிவுக்கு அரை மணி நேரம் ஓடும், பெரும் புயல் என்றால் இரண்டு மணி. மீதி ஆண்டெல்லாம் நிற்பதுதான் அதன் வாழ்க்கை. நிற்கும்போதுதான் அதற்குள் காரியங்கள் நடக்கின்றன. பெற்றோலை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பம்பில் கிடைக்கும் சாதாரணப் பெற்றோலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எதனோல். எதனோலுக்கு ஈரத்தில் ஆசை. தாங்கி மூடியின் காற்றுத்துளை வழியே வரும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அளவு மிஞ்சிவிட்டால் தண்ணீரும் எதனோலும் சேர்ந்து பெற்றோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே இருப்பது தன் இலேசான கூறுகளை ஆவியாக இழந்து, கூர்மையான மணம் போய், வார்னிஷ் வாடை வீசத் தொடங்கும். கார்புரேற்றரின் அடிக்கிண்ணத்தில் தேங்கி நிற்கும் சில கரண்டி பெற்றோல்தான் முதலில் காய்வது. காயும்போது மஞ்சள் படிந்த ஒரு பசையை விட்டுப்போகும். கிண்ணத்தின் நடுவில் உள்ள ஜெற்றின் துளையோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. துளை முழுதாக அடைபட்டால் எஞ்சின் எழும்பாது, அது ஒளிவுமறைவில்லாத பழுது. பாதி அடைபடும்போதுதான் துயரம். எஞ்சின் எழும்பும், வேகம் ஏறும், தணியும், மறுபடி ஏறும், தணியும். பெற்றோல் போதாமல் வேகம் விழ, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் திறக்கிறது, திறந்ததும் வேகம் ஏறுகிறது, ஏறியதும் கவர்னர் மூடுகிறது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் அடங்கும். ஜனவரி விடிகாலைகளில் எங்கள் தெருவின் எத்தனையோ கராஜ்களிலிருந்து அந்த மூச்சிரைப்பைக் கேட்டிருக்கிறேன். பெற்றோல் வால்வை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடிப் போல்ட்டைத் தளர்த்தி மிச்சத்தை வடித்திருந்தால் அந்த ஓசை பிறந்திருக்காது. ஏப்ரலில் சில நிமிட வேலை அது.

தாங்கியையும் வடித்துவிட வேண்டுமா, அல்லது பெற்றோல் பழுதாகாமல் இருக்கும் மருந்தைக் கலந்து கழுத்துவரை நிரப்பி வைக்க வேண்டுமா என்பதில் மெசின் தெரிந்தவர்கள் இரண்டு கட்சி. நிரப்பு என்பவர்களிடம் நல்ல காரணம் உண்டு. பழைய மெசின்களின் தாங்கி தகரம். வெறுமையாக விட்டால் உட்சுவரில் ஈரம் பூத்துத் துருப்பிடிக்கும். நான் பிளாஸ்டிக் தாங்கி என்றால் வடிப்பவன். மருந்து காலத்தைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்திவிடாது, இங்கே வசந்தமும் கோடையும் இலையுதிர்காலமும் சேர்ந்து நீண்டவை. எந்தக் கட்சியானாலும் கிண்ணத்தை வடிப்பதில் எல்லோரும் ஒருவழிப்பட்டவர்கள்.

எனக்கு மெசினில் மிகவும் பிடித்த உறுப்பும், மிகவும் மனக்கலக்கம் தருவதும் ஒன்றுதான். ஷியர் பின். முன்வாயில் சுழன்று பனியை நடுவுக்குக் கொண்டுவரும் இரண்டு திருகுக் கத்திகளுக்கு ஓகர் என்று பெயர். அவை தாங்கள் சுழலும் தண்டோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டவை அல்ல. தண்டின் மேல் ஒரு குழாய்போலச் சும்மா செருகியிருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு சிறிய போல்ட் குறுக்கே போய் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்தப் போல்ட் வேண்டுமென்றே மென்மையான இரும்பில் செய்யப்படுகிறது. பனிக்கு அடியில் உறைந்து கல்லாகிப்போன விளம்பரப் பத்திரிகைக் கட்டோ, கால்மிதியோ, நகரசபை வண்டி டிரைவ்வே வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனிக்கட்டிப் பாறையோ ஓகரில் சிக்கினால், போல்ட் முறிந்துவிடும். ஓகர் நின்றுவிட, உள்ளே தண்டு மட்டும் தன்பாட்டுக்குச் சுழலும். அந்தச் சுழற்சியால் எதற்கும் சேதம் இல்லை. சில டொலர் போல்ட் முறிந்து, நூற்றுக்கணக்கான டொலர் பெறுமதியான கியர்ப் பெட்டியைக் காப்பாற்றிவிடுகிறது. கியர்ப் பெட்டிக்குள் இரும்புப் புழுத்தண்டு ஒன்று வெண்கலச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். போல்ட் முறியாவிட்டால் முறிவது அந்த வெண்கலப் பல்லாக இருக்கும். கையில் அகப்பட்டது என்று கடினமான சாதாரணப் போல்ட்டைப் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. அடிக்கடி முறியும் ஒன்றைப் பலவீனம் என்று நினைத்துப் பலப்படுத்துகிறார்கள், பலவீனம் கியர்ப் பெட்டிக்கு இடம் மாறிவிடுகிறது.

இதுவரை கையேட்டில் உள்ள விஷயம். என்னைக் கலக்குவது இதற்கு அப்பால். சரியான மென்போல்ட்டைப் பூட்டியிருக்கிறோம், முறிய வேண்டிய நேரமும் வந்துவிட்டது. ஆனால் அது முறியவில்லை, ஓகரும் தண்டைவிட்டுப் பிரியவில்லை. ஏனென்றால் கோடை முழுவதும் சும்மா நின்றதில் ஓகரின் குழாயும் உள்ளே இருக்கும் தண்டும் துருவால் ஒட்டிப்போய் ஒரே இரும்பாகிவிட்டன. போல்ட் ஒரு சடங்காக மட்டும் அங்கே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இன்னும் சொன்னால், ஒட்டிப்போன ஓகர் ஆட்டமில்லாமல், உறுதியாக, ஆரோக்கியமானதாகத் தோன்றும். பிரிந்து நிற்கும் திறனை இழந்துவிட்டது என்பது பிரிய வேண்டிய அந்தக் கணத்தில்தான் தெரியவரும். இதைப் பற்றி நான் அளவுக்கு மீறி யோசிக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் சும்மா நிற்பதால் வரும் கேடுகள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதை எப்படிக் காணாமல் விடுவது? பெற்றோல் துளையோடு ஒட்டுகிறது. பெல்ற் ஒரே வளைவில் மாதக்கணக்காக நின்று புல்லியின் வடிவத்தைத் தன் வடிவமாக எடுத்துக்கொள்கிறது. கேபிள் தன் உறைக்குள் இறுகுகிறது. பனியைத் திசைதிருப்பும் குழல் தன் வளையத்தில் பிடித்துக்கொள்கிறது. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போக வேண்டியவை எல்லாம், அசைவே இல்லாத மாதங்களில், ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. தேய்ந்து மெலிவதை வயது என்று ஒப்புக்கொள்ள முடிகிறது. ஒட்டிக்கொள்வதை என்னவென்று ஒப்புக்கொள்வது என்று தெரியவில்லை.

இதற்கான வேலை எளிது. இரண்டு போல்ட்டையும் கழற்ற வேண்டும். ஓகரைக் கையால் தண்டின் மேல் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழன்றால், கிரீஸ் முனையில் கிரீஸ் துப்பாக்கியை வைத்து, ஓகரைச் சுற்றிக்கொண்டே, ஓரத்தில் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். பழைய கிரீஸ் முதலில் வரும், கறுப்பாக, சில நேரம் செங்கல் நிறத்தில் ஒரு கோடு கலந்து. அந்தக் கோட்டைக் கண்டால் ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். வீதிக்குப் போடும் உப்பும் அதோடு சேர்ந்திருக்கும். நகரசபை வண்டி ஒதுக்கும் கரையில் உப்பு நிறைய, அதைத்தான் நாம் கடைசிப் பனிவரை அந்த வாய்க்குள் ஊட்டியிருக்கிறோம். மார்ச்சில் கராஜுக்குள் தள்ளி, தார்ப்பாயால் இறுக்கி மூடிவிடுவது பலருடைய பழக்கம். ஏப்ரலில் திடீரென்று ஒரு வெதுவெதுப்பான நாள் வரும். குளிர்ந்த இரும்பின் மேல் ஈரக்காற்று படிந்து மெசின் முழுக்க வியர்க்கும். தார்ப்பாய் அந்த வியர்வையைப் போகவிடாது. கழுவி, உலர்த்தி, காற்றுப் போகும் பழைய பருத்திப் படுக்கைவிரிப்பால் மூடுவது மேல். ஒன்றாலும் மூடாமல் விடுவதுகூட மேல்தான், எலி மட்டும் இல்லையென்றால். எஞ்சின் உறைக்குள், குளிர்விக்கும் துடுப்புகளுக்கு நடுவில் எலி கட்டிய கூட்டைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கவனமாகப் பின்னியிருந்தது.

பேணுவதும் கெடுக்கும் என்பதை ஒரு குறுக்குப் பேச்சாகச் சொல்லிவிட வேண்டும். மெசினை முன்வாய் நிலத்தில் படும்படி நிமிர்த்தி அடித்தகட்டைக் கழற்றினால், சக்கரங்களை ஓட்டும் அமைப்புத் தெரியும். ஒரு உலோகத் தட்டு, அதன் முகத்தை உராய்ந்தபடி விளிம்பில் ரப்பர் வைத்த ஒரு சிறு சக்கரம். ரப்பர்ச் சக்கரம் தட்டின் நடுவை நோக்கி நகர்ந்தால் மெசின் மெல்ல நடக்கும், விளிம்புக்குப் போனால் வேகமாக, நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் பின்னுக்கு. வேகம் மாற்ற வேறு கியரே கிடையாது. இவ்வளவு குறைந்த உறுப்பில் இவ்வளவு செய்யும் ஒன்றை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. இது இயங்குவது உராய்வினால். ஆசையோடு எல்லா இடத்துக்கும் எண்ணெய் விடுகிற கை இங்கேயும் ஒரு துளி விட்டால் ரப்பர் வழுக்கும், மெசின் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும். ஓகர் தண்டுக்குக் கிரீஸ் உயிர், ரப்பர்ச் சக்கரத்துக்கு அது கேடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிகூட இல்லை.

நிற்கிறது என்று நாம் சொல்வது நிற்பதுதானா என்ற ஐயமும் உண்டு. ஈரப்பனி குழலை அடைத்துவிட்டால் எஞ்சினை நிறுத்தி அடைப்பை எடுக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் பெல்ற்றிலும் கத்திகளிலும் முறுக்கு எஞ்சியிருக்கும். அடைப்பு விலகிய கணத்தில், பனியைக் குழலுக்குள் எறியும் இம்பெல்லர் ஒரு கால்சுற்றுச் சுற்றும். கையைப் பறிகொடுக்க அது போதும். விரல் இழந்தவர்களில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உண்மை. அதற்காகத்தான் மெசினோடு ஒரு பிளாஸ்டிக் தடியைப் பொருத்தி விற்கிறார்கள். கோடையில் கத்திகளைத் தொடும்போதும் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டே தொடுகிறேன். தாங்கியில் பெற்றோல் இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் கழற்றுகிறேன்.

மொன்றியலை அடுத்த சென் லெனார்டில் 1876இல் பிறந்த ஆர்தர் சிக்கார் என்பவர்தான், தானே நகர்ந்து பனியை அள்ளித் தூர எறியும் வண்டியை 1925இல் ஓடவைத்தவர். 1927இல் ஊட்ரமோன் நகரசபை அவரிடம் முதல் வண்டியை வாங்கியது. கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. தானியக் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்ததில் இருந்துதான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்று சொல்கிறார்கள். இதைப் படித்த நாளில் எனக்கு ஏதோ ஒன்று இடத்துக்கு வந்து அமர்ந்தது. வன்னியில் சூடடிக்கும் மெசின் ஆண்டில் சில கிழமைகள் ஊர் ஊராக ஓடும். வைக்கோலைத் தூர எறியும், நெல்லைக் கீழே விடும். மிச்ச மாதங்களில் ஏதோ ஒரு கொட்டிலில் கோழிகள் மேலே ஏறி நிற்க அது கிடக்கும். ஆண்டு முழுவதும் வேண்டாத கருவிகளோடு வாழ்வது எங்களுக்குப் புதிதல்ல. கலப்பைக்கும் பட்டைக்கும் வள்ளத்துக்கும் ஓய்வு மாதங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் அந்த மாதங்களில் எப்படிக் கிடக்க வேண்டும் என்பதற்கு ஒரு முறையும் இருந்தது. நவராத்திரி முடிவில் ஆயுதங்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்து ஒருநாள் தொடாமல் வைப்பதை நான் சிறுவயதில் பக்தி என்று மட்டும் நினைத்திருந்தேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு கருவியும் இருட்டு மூலையிலிருந்து வெளியே வந்து, கையால் தடவிப் பார்க்கப்படும் என்ற உறுதி அதற்குள் இருந்தது. ரொறொன்ரோவில் அந்தப் பூசை வருவது செப்ரெம்பர் கடைசியில் அல்லது ஒக்ரோபரில். பனிக்கு முன் மெசினைத் தயார்ப்படுத்தச் சரியான காலம். ஸ்காபரோ வீடுகளில் அன்று காருக்குப் பொட்டு வைக்கிறார்கள். ஸ்னோ புளோவருக்கு வைத்த ஒரு வீடு எனக்குத் தெரியும்.

அது எங்கள் பின்வளவு அண்ணையின் வீடு. ஊரில் தோட்டக் கிணறுகளுக்கு நீர் இறைக்கும் மெசின்களைத் திருத்தியவர். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் என்பது மருந்துக்குச் சமம். சிறு போத்தலில் இருந்து சில துளியை ஊட்டி மோட்டார் சைக்கிளை எழுப்பி, எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடவிடுவார்கள். வீதியெங்கும் அந்தப் புகை. அந்தத் துளிகளை அளந்து விற்ற காலத்தில் கார்புரேற்றர்களைத் திறந்து மூடியவருக்கு, நல்ல நிறத்தில் இருக்கும் ஒரு லீற்றர் பெற்றோலைப் பழையது என்று கொட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அவர் கொட்டமாட்டார். வடித்து, போத்தலில் ஊற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்து, அடியில் நீர்க்கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். கோடு இல்லையென்றால் காரில் ஊற்றுவார். புதுப் பெற்றோலோடு கலந்து அது எரிந்துபோகும். கோடு இருந்தால்தான் நகரசபையின் ஆபத்துக் கழிவு நிலையத்துக்கு. நான் அவரிடம் கேட்டிருக்கிறேன், பழுதான பெற்றோலை எப்படி மணத்தில் கண்டுபிடிக்கிறீர்கள் என்று. “தம்பி, நல்ல பெற்றோல் மூக்கில அடிக்கும். பழசு தொண்டையில நிக்கும்” என்றார். 1999 ஜனவரியில் பனி மூடி, மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்ட நாட்களில் அவர் இங்கே வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. தெருவில் இராணுவ வண்டி நிற்கக் கண்டு அவருடைய மனைவி பிள்ளைகளை உள்ளறைக்குக் கூட்டிப்போனாவாம். வந்தவர்கள் பனி அள்ள வந்தவர்கள் என்று விளங்கியும் அன்று முழுக்க அவ வெளியே வரவில்லை. அந்த ஆண்டுக் கோடையில் அவர் பழைய பொருள் விலைக்கு இந்த மெசினை வாங்கினார். பனிக்காகத்தான் வாங்கினார் என்று சொல்வார். நான் மறுத்துக் கேட்டதில்லை.

அவருடைய மெசினில் இருப்பது ரெக்கும்சே எஞ்சின். ஒரு காலத்தில் வட அமெரிக்காவின் ஸ்னோ புளோவர்களில் பெரும்பங்குக்கு அந்த எஞ்சின்தான். 1960இல் விஸ்கான்சினில் இருந்து இரண்டு கட்ட ஸ்னோ புளோவரை வீட்டுக்காரருக்குக் கொண்டுவந்த ஏரியன்ஸ் மெசின்களிலும் பல ஆண்டுகள் அது இருந்தது. 2008இன் இறுதியோடு அந்த எஞ்சின்களின் உற்பத்தி நின்றுவிட்டது. செய்தவர்கள் இல்லாமற் போன பிறகும் எஞ்சின் எழும்பிக்கொண்டிருக்கிறது. பழைய ரெக்கும்சே கார்புரேற்றரின் அடியில் ஒரு ஊசித் திருகு இருக்கும். அதைக் கால்சுற்றுத் திறந்து, கால்சுற்று மூடி, பெற்றோலின் அளவைக் காதால் கேட்டே சரிசெய்யலாம். பின்னால் வந்தவற்றில், புகைக் கட்டுப்பாட்டு விதிகளால், ஜெற் நிலையானது, காதுக்கு வேலை இல்லை. விதிகள் தேவையானவை என்பதில் எனக்கு மறுப்பில்லை, அந்தச் சிறு எஞ்சின்கள் கக்கும் புகை கொஞ்சமல்ல. ஆனாலும் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திருகைச் சுற்றும்போது அவர் முகத்தில் வரும் அமைதி புது மெசின்காரர்களுக்குக் கிடைக்காது என்று வருந்துகிறேன். பற்றரியில் ஓடுபவை வந்துவிட்டன. கார்புரேற்றர் இல்லை, பெற்றோல் இல்லை, எண்ணெய் இல்லை. ஓகரும் தண்டும் அவற்றிலும் இரும்புதான். பற்றரியையும் கோடை முழுக்க நிறை மின்னோடு வைக்கக்கூடாது, வெறுமையாகவும் வைக்கக்கூடாது, கொதிக்கும் கராஜிலும் விடக்கூடாது. நிற்கும் மாதங்களின் தொல்லை வேறு உறுப்புக்குக் குடிமாறியிருக்கிறது, அவ்வளவே.

கோடையில் மாதம் ஒருமுறை எஞ்சினை எழுப்பிச் சில நிமிடம் ஓடவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அதையே நல்லது என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன், ஒரு விஷயம் தெரியும்வரை. இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குக் காற்று வடிகட்டி கிடையாது. வைத்தால் பனித்தூள் அதில் உறைந்து மூச்சை அடைத்துவிடும். பனிக்காலக் காற்றிலோ தூசி மிகக் குறைவு. அதனால் வடிகட்டியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு காலத்தின் காற்று சுத்தமாக இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்ட எஞ்சின் இது. அதை ஜூலைத் தூசியில், புல் வெட்டும் நாளில், அடிக்கடி ஓடவிடுவது அதன் சிலிண்டரை அரம் கொண்டு ராவுவதுதான். எனவே ஓடவிடவும் கூடாது, சும்மா விடவும் கூடாது. நடுவழி ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்து எண்ணெயைப் பரவச்செய்து, இழுவை இறுகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. 2023 ஜூனில் கியூபெக் காடுகள் எரிந்த புகை ரொறொன்ரோவை வந்து மூடியது. சூரியன் செம்மஞ்சள் தட்டாக இருந்தது, வெளியே நடந்தால் தொண்டை கரித்தது. அன்று கராஜுக்குள் போய் அந்த மெசினின் திறந்த மூச்சுவாயை ஒரு துணியால் கட்டினேன். அதைத் தொடர்ந்து வந்த 2023–24 குளிர்காலம், தேசிய அளவில் பதிவுகள் வைக்கத் தொடங்கிய 1948 முதல், கனடாவின் மிக வெப்பமான குளிர்காலம். மெசினுக்குப் பெரிய வேலை வரவில்லை.

அப்போதுதான் என் சங்கடத்துக்கு முழு உருவம் வந்தது. வராமல் போகக்கூடிய ஒரு காலத்துக்காக நான் கிரீஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறேனா? பிள்ளைகள் அப்படித்தான் கேட்கிறார்கள். விற்றுவிடுங்கள், தேவையென்றால் ஒரு ஆளைப் பிடிக்கலாம் என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் பிழை இல்லை. 2025 பெப்ரவரியில் ஒரு கிழமைக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் 50 சென்ரிமீற்றருக்கும் அதிகமான பனி கொட்டி, எங்கள் தெருவுக்கு வண்டி வர நாட்களாகி, பிடிப்பதற்கு ஒரு ஆளும் கிடைக்காதபோது அந்தக் கணக்குக் கலைந்தது. ஆனால் அதை என் கட்சிக்குச் சாட்சியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பனி கொட்டியிராவிட்டாலும் ஜூனில் அந்தப் போல்ட்டுகளைக் கழற்றியது சரிதானா என்பதுதான் கேள்வி. சரி என்றே நினைக்கிறேன். காரணத்தை நேராகச் சொல்ல வரவில்லை, சுற்றித்தான் சொல்ல முடிகிறது. குளிர் வரும் என்ற நம்பிக்கையால் நான் அதைச் செய்யவில்லை. தண்டின் மேல் ஓகர் வழுக்கிச் சுற்றுவதைக் கையில் உணரும்போது, அது எதற்கும் தயாராக இருக்கிறது என்று தெரிகிறது. முறியவும் தயாராக இருக்கிறது. அந்த நிலையில் ஒன்றை வைத்திருப்பதற்கு ஜனவரியின் அனுமதி வேண்டுமா என்று தோன்றுகிறது. அதேநேரம் இதுவும் ஒரு பிடிவாதமாக இருக்கலாம், நானும் ஏதோ ஒன்றோடு ஒட்டிப்போய் அதை உறுதி என்று எண்ணிக்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் விடுவதில்லை. அந்த ஐயத்தோடுதான் ஸ்பனரை எடுக்கிறேன்.

இந்த ஆண்டு இரண்டு மெசின். அண்ணைக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து குனியக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடையதைத் தள்ளிக்கொண்டு வந்து என்னுடையதன் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். அவர் கராஜ் வாசலில் கதிரை போட்டு இருந்து சொல்லுகிறார், நான் செய்கிறேன். எண்ணெய் மாற்றியாயிற்று, எஞ்சினைச் சிறிது சூடாக்கிவிட்டு வடித்தால்தான் அழுக்கும் சேர்ந்து வரும் என்று விடாமல் சொன்னதால் சூடாக்கியே வடித்தேன். பிளக்கின் இடைவெளி சரி. தகரத் தாங்கி என்பதால் மருந்து கலந்து நிரப்பியிருக்கிறோம். இடது ஓகர் கையால் சுற்றுகிறது. வலது அசையவில்லை. போன வசந்தத்தில் முழங்கால் நோவோடு அவரால் அதைக் கழற்றிப் பார்க்க முடியாமற் போனதாம், மெல்லிய குரலில் சொன்னார். ஊடுருவும் எண்ணெயைப் போல்ட் துளையாலும் குழாயின் ஓரத்தாலும் விட்டு, மரச்சுத்தியலால் சுற்றிவரத் தட்டினேன். நெருப்புக் காட்டலாமா என்று கேட்டேன். “அவசரப்படாதேயும், எண்ணெய் நடந்து போகட்டும்” என்றார். நாளைக்கு இன்னொரு முறை எண்ணெய் விட வேண்டும், சனிக்கிழமை நீளமான குழாய் ஒன்றை நெம்பாக வைத்துத் திருப்பிப் பார்க்கப் போகிறோம். அதற்கும் மசியாவிட்டால் தண்டோடு சேர்த்து வெளியே எடுக்க வேண்டியதுதான். கியர்ப் பெட்டியின் இரண்டு பக்கப் பேரிங்குகளையும் அதே நேரத்தில் மாற்ற வேண்டியிருக்குமா என்று பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.